வெள்ளைத் தவளையை ஏரியில் விடமாட்டேன்

"மாமா, ஊருக்குத்தானே போறீங்க? இதையும் எடுத்துட்டுப் போய் நம்ம ஏரியில விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்" என்று மருமகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். உள்ளே என் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு வெள்ளைத் தவளைகள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் பேரன் ஆசைப்பட்டானென்று சென்னையில் ஒரு கடையில் வாங்கியவை. "சின்னத் தொட்டிக்கு ஏத்த கலர் தவளை சார், கட்டைவிரலுக்கு மேல வளராது" என்று சொல்லி விற்றார்களாம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது லா ஃபோந்தேனின் கதையொன்றை மனப்பாடம் செய்ய வைத்தார்கள்: மாட்டளவு பெருக்க ஆசைப்பட்டு வெடித்துச் செத்த தவளை. இவை வெடிக்கவில்லை. தொட்டியிலிருந்த கப்பி மீன்களை எல்லாம் விழுங்கிவிட்டு வளர்ந்தன.

விற்றது ஆப்பிரிக்க நகத்தவளை. பெண் தவளை 10 செ.மீ.க்கு மேல் வளரும், பதினைந்து வருடம் கூட வாழும். சின்னத் தொட்டிக்கு ஏற்றது ஆப்பிரிக்கக் குட்டைத் தவளை. அது 4 செ.மீ.யோடு நின்றுவிடும், 20 லிட்டர் தொட்டியில் இரண்டு வளர்க்கலாம். குட்டியாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முன்னங்காலைப் பாருங்கள்: விரலிடையே சவ்வு இருந்தால் குட்டை, இல்லாவிட்டால் நகத்தவளை. அந்தக் குட்டைத் தவளையும் சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். சிவப்பு, நீலம் என்று எவராவது காட்டினால் சாயமாக இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். பிறவியிலேயே நீலமும் மஞ்சளுமாக மின்னும் தென்னமெரிக்க நச்சுத் தவளைகள் காட்டுத் தரையில் வாழ்பவை. தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூழ்கிச் சாகும். ஆக, கலரைப் பார்த்துத் தவளை வாங்குவதே தப்பு.

ஆனால் என் சண்டை கடைக்காரரோடு அல்ல, அந்தப் "புண்ணிய"த்தோடு. பிரான்சில் தே-செவ்ர் பகுதியில் 1980களில் ஒரு வளர்ப்பிடத்திலிருந்து தப்பிய இதே நகத்தவளை இன்று குளம் குளமாகப் பரவி, அந்த ஊர்த் தவளைகளைக் குறைத்துவிட்டது. பல நாடுகளில் தவளைகளைக் கொன்ற கைட்ரிட் பூஞ்சையைத் தான் சாகாமல் சுமக்கவும் வல்லது. நம் வயல் தவளைகளின் காலை வெட்டிப் பிரான்சு முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து, பூச்சி தின்ன ஆளில்லாமல் போகுமென்று விழித்துக்கொண்டு 1987-ல் தடை போட்டோம். அப்படிக் காப்பாற்றியதன் நடுவில் இதைக் கொண்டுபோய் விடவா? வீட்டுத் தொட்டியிலிருந்து போன 'டேங்க் கிளீனர்' மீன் நம் நீர்நிலைகளில் வலையைக் கிழிப்பது போதாதா?

இங்கே பக்கத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தகன் காலத்தில், ஏரிக்கென்றே ஒரு வாரியம் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். இன்று ஏரிக்குள் யார் எதைக் கொட்டினாலும் கேட்க ஆளில்லை. (நானும் முப்பது வருடம் குமாஸ்தாவாகக் கோப்பு நகர்த்தியவன்தான், என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.)

டப்பாவை வாங்கிக்கொண்டேன், ஏரிக்கு அல்ல. பின்கட்டில் பழைய சிமெண்ட் தொட்டியில் இருக்கின்றன. மண்புழு போடுகிறேன். கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடுவதில்லை, வெயிலில் காயவிடுகிறேன். எனக்கு எழுபத்து நான்கு, இவற்றுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் பாக்கி. எனக்குப் பின் பேரன்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று மழைக்கு வயல் பக்கம் நம் தவளைகள் இரவெல்லாம் கத்தின. எழுந்துபோய்க் கம்பிவலை மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு வந்து படுத்தேன்.