கூட்டம் சேர்ந்தால் போதுமா?

பொருள் விற்றால் சரக்கு, கூரியர், ரிட்டர்ன் எனத் தலைவலி. பார்வையாளரைச் சேர்த்துவிட்டால் விளம்பரமே சோறு போடும் என்கிறார்கள். ரிட்டர்ன் தலைவலி உண்மைதான். மற்றது?

ஒன்று: விதியை வகுப்பது யார்? யூடியூபில் விளம்பரக் காசு பெற மொத்தம் 10,000 பார்வை போதுமென்றிருந்தது. 2018இல் அது 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை என்றானது. சிறு சேனல்களுக்கு வந்த சில்லறையும் நின்றது. யாரிடம் முறையிடுவது?

இரண்டு: 2021இல் புலிட்சர் விருது பெற்ற பஸ்ஃபீட் நியூஸ் என்ற செய்தித் தளம் 2023இல் மூடப்பட்டது. வாசகர் இல்லாமலா? இல்லை, விளம்பரத்தை நம்பியதால். மாறாக, நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2011இல் இணைய வாசகரிடம் கட்டணம் கேட்டது. மறு ஆண்டே வாசகர் பணம் விளம்பர வருவாயை முந்தியது.

மூன்று: கூட்டம் வீண் என்று யார் சொன்னது? எமிலி வைஸ் 2010இல் அழகுக் குறிப்புத் தளம் தொடங்கினார். 2014இல் அதே வாசகர்களிடம் ‘க்ளாஸியே’ பெயரில் நான்கே பொருள்களை விற்க ஆரம்பித்தார். 2019இல் நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. ரிட்டர்ன் அவருக்கும் வந்திருக்கும்.