மீன் தொட்டி மணலைக் கொட்டிவிடாதீர்கள்!

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் இளம் தாய் ஒருத்தி, போன வாரம் ஒரு மீன் தொட்டியை இடுப்பில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனதாம். அடியில் இரண்டங்குலத்துக்குப் பழைய மணல், ஒரே பாசி நாற்றம். "அக்கா, இதைக் கொட்டிட்டு வேற வாங்கிடட்டுமா?" என்றாள். "கொட்டாதே, இப்படி உட்கார்" என்றேன்.

ஏன் தெரியுமா சகோதரிகளே? நல்ல தொட்டி மணல் வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் கழுவுகிற விதம் தெரிய வேண்டும். எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. என் பெரியவன் ஆறாவது படிக்கும்போது, அவன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், பாத்திரம் தேய்ப்பது போல மணலுக்கும் சோப்புத் தூளைப் போட்டு 'பளிச்'சென்று கழுவி வைத்தேன். மறுநாள் காலையில் கப்பி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் நான்கு செத்துவிட்டன. பிள்ளை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோப்பை மட்டும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். எவ்வளவு அலசினாலும் மணலுக்குள் மிச்சம் நிற்கும்.

மணல் கழுவுவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. அரிசி அரிப்பதுதான்! அரிசியில் கல் அடியில் தங்கும், அரிசி போகும். இங்கே மணல் தங்கும், அழுக்கு போகும். பக்கெட்டில் கால் பாகத்துக்கு மேல் மணல் போடாதீர்கள். தண்ணீர் விட்டு, அடிவரை கையை விட்டுச் சுழற்றி, கலங்கின தண்ணீரை உடனே சாய்த்துவிடுங்கள். எட்டுத் தடவையோ பத்துத் தடவையோ, தண்ணீர் தெளிகிற வரைக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீரில் இருக்கும் ஒருவகைக் கிருமி புகுந்தால் தோலில் லேசில் ஆறாத கட்டி வரும். முதல் தண்ணீரை ஸிங்க்கில் ஊற்றாதீர்கள், மணல் போய் குழாயை அடைத்துவிடும். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள், தழைத்து வரும்.

மணலைக் கிளறும்போது அழுகின முட்டை நாற்றம் வந்தால் பயப்படாதீர்கள். காற்றுப் போகாத அடி மணல் கறுத்து, அந்த வாயு அடைந்து கிடக்கிறது. மீனுக்கு அது விஷம். அதனால் மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிய பிறகுதான் கிளற வேண்டும்.

இவள் தொட்டியிலிருந்த மீன் எதனால் போயிற்று என்று யாருக்குத் தெரியும்? நோயாகவும் இருக்கலாமே! அதனால் கழுவின மணல்மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி ஆறவிடச் சொன்னேன். பிறகு மொட்டை மாடியில் நன்றாகக் காயவேண்டும். எங்கள் எண்ணூரில் எதைக் காயவைத்தாலும் கரியும் தூசும் வந்து உட்காரும். வடாம் காயவைப்பது போல மேலே மெல்லிய துணி கட்டிவிட்டோம்.

மாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மீன்காரம்மா, "இவ்ளோ கடல் மண்ணு கிடக்குதே, ரெண்டு கூடை அள்ளிக்கினு வந்தா போச்சு!" என்றாள். எங்கள் ஊர் மணலுக்கு என்ன குறைச்சல்? சிமெண்டின் பலத்தைச் சோதிப்பதற்கென்று இந்தியத் தர நிர்ணயத்தில் சொல்லியிருக்கும் மணலே எண்ணூர் மணல்தான்! ஆனால் கடற்கரையில் அள்ளுவதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும். உப்பு கழுவினால் போகும், கிளிஞ்சல் போகாது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கிவிடும். காய்ந்த மணலில் ஒரு ஸ்பூன் எடுத்து எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் இருக்கிறது என்று அர்த்தம். கப்பி தாங்கும், எல்லா மீனும் தாங்காது.

எந்த மணலைக் கழுவவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, பக்கிங்ஹாம் கால்வாயிலும் முகத்துவாரத்திலும் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு வந்தது. மேஜைமேல் இருந்த தொட்டி தப்பியது. கரண்ட் இல்லாமல் காற்று மோட்டார் நின்றுபோக, சின்னவன் டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியே மீன்களைக் காப்பாற்றினான். மாடிப்படிக்குக் கீழே மூட்டையாக வைத்திருந்த மாற்று மணல் மட்டும் அந்தத் தண்ணீரில் ஊறிவிட்டது. மூன்று நாள் வெந்நீரில் அலசினேன். ஒவ்வொரு தடவையும் மேலே மயில் கழுத்து நிறத்தில் படலம் மிதந்தது, வாடையும் போகவில்லை. செடித் தொட்டிக்குக்கூட ஆகாது. சாக்கில் கட்டி, எண்ணெய்ப் பாழானது என்று சொல்லி, துப்புரவுப் பணியாளர்களிடம் கொடுத்துவிட்டேன். ஆற்றங்கரையில் கொட்டிவிட்டு வரலாம் என்றார் என் கணவர். வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

இனி இளம் தாயின் தொட்டிக்கு வருகிறேன். மணலைப் பரப்பி, மேலே ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் கலங்காது. மெட்ரோ தண்ணீரை ஒரு நாள் திறந்த பக்கெட்டில் வைத்துவிட்டு ஊற்றினோம், க்ளோரின் போவதற்கு. உடனே மீன் விடலாமா? கூடாது. மீன் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். 2023 டிசம்பர் 26-ம் தேதி ராத்திரி குழாய் கசிந்து, கண் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிய எங்களுக்கு அமோனியாவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடுவதற்கு எங்களுக்குத் தெரு இருந்தது, மீனுக்கு ஏது? அதை மாற்றிக் கொடுக்கும் நல்ல கிருமிகள் மணலில்தான் குடியிருக்கும். வெந்நீர் ஊற்றினதில் அவையும் போயிருக்கும். அதனால் என் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி ஈர மணலை, தயிருக்கு உறைமோர் கொடுப்பது போலக் கொடுத்தனுப்பினேன். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, மோட்டாரை ஓட்டி, மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும். (உங்கள் தொட்டி மீன்கள் ஆரோக்கியமாக இருந்தால் வெந்நீர் வேண்டவே வேண்டாம். தொட்டியின் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள், கிருமிகள் பிழைத்துக்கொள்ளும்.)

அவள் பெண் குழந்தை தினமும் வந்து, "பெரீம்மா, மீனு எப்போ?" என்று கேட்கிறது. காலண்டரில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். கடைசிக் கோடு ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அன்றைக்குக் கொளத்தூருக்குப் போய் இரண்டே இரண்டு கப்பி வாங்குவதாக ஏற்பாடு.