பட்டுப்புழு பாவம் யாருக்கு? ஆரணி நெசவாளிக்கா, நமக்கா?

கல்யாணப் புடவை எடுக்க ஆரணிக்குப் போகலாம்னு பேச்சு வந்ததுமே, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது அந்த வீடியோவைப் போட்டுவிடுவார்கள். கொதிக்கிற தண்ணீரில் பட்டுக்கூடுகள். கீழே கமென்ட்: 'இந்தப் பாவம் தேவையா?'

கேள்வி நியாயமானதுதான். கூட்டுக்குள் இருக்கும் புழு, பூச்சியாக மாறி வெளியே வந்தால் கூட்டில் ஓட்டை விழும். நீளமான ஒற்றை இழை அறுந்துபோகும். அதனால் முன்கூட்டியே சூட்டில் கொன்றுவிடுகிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். ஆனால், பாவம் யார் கணக்கில்?

புத்தர் என்ன செய்தார்?

இது புத்தர் காலத்திலேயே வந்த பிரச்சினை. பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் ஒரு சம்பவம் உண்டு. ஆளவி என்ற ஊரில் சில பிக்குகள் பட்டு தயாரிப்பவர்களிடம் போய், பட்டு கலந்த விரிப்பு வேண்டும், புழுக்களை வேகவைத்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். அந்தத் தொழிலாளர்கள் நொந்துபோனார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்ற நாங்கள் உயிர்களைக் கொல்வதே எங்கள் துரதிர்ஷ்டம். எல்லாம் துறந்த இவர்களும் வந்து இப்படிக் கேட்கலாமா என்றார்கள்.

விஷயம் புத்தரிடம் போனது. அவர் தொழிலாளர்களைத் திட்டவில்லை, தொழிலை மாற்றச் சொல்லவில்லை. கேட்டு வாங்கிய பிக்குகளைத்தான் கண்டித்தார். பட்டு கலந்த விரிப்பு செய்விக்கக் கூடாது என்று அவர்களுக்குத்தான் விதி போட்டார். அதேசமயம், பிக்குகள் ஏற்கலாம் என அவர் அனுமதித்த ஆறு வகைத் துணிகளில் பட்டும் ஒன்று. என் பார்வையில், அவர் தடுத்தது துணியை அல்ல. நமக்காக ஒரு உயிரைக் கொல்லச் சொல்வதை.

ஆரணிக்கு இது எப்படிப் பொருந்தும்?

ஆரணி நெசவாளியின் கைக்கு வருவது நூல்தான், புழு அல்ல. என்ன நூல் என்பதைத் தீர்மானிப்பது கடையில் நிற்கும் நாம். பூச்சி வெளியேறிய பிறகு நூற்கும் 'அகிம்சா பட்டு' ஏற்கெனவே இருக்கிறது. ஹைதராபாத்தின் குசுமா ராஜையா அதைப் பரவலாக்கினார். பளபளப்பு குறைவு, விலை அதிகம். அந்தக் கூடுதல் காசைக் கொடுக்க நாம் தயாரா? இல்லையென்றால் பாட்டியின் பழைய பட்டையே கட்டலாம்; பருத்திக்கு மாறலாம்.

எதுவுமே வேண்டாம், பட்டுதான் வேண்டும் என்றால் அதுவும் நம் முடிவுதான். வாங்கி உடுத்திக்கொண்டு, பழியை மட்டும் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர் தலையில் போடாதீர்கள்.