தப்புக்கு ஒரு மைக்

1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான சி.வி.வேலுப்பிள்ளை, இலங்கை மலையகப் பாடல்களைத் தொகுத்து எழுத்தில் காப்பாற்றினார். அவற்றின் ஓசையை யார் காப்பாற்றுவது? ராக் இசைத் தயாரிப்பாளர்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஸ்டீவ் அல்பினி 1993இல் வெளியான நிர்வானாவின் ‘இன் யூட்டெரோ’வைப் பதிவுசெய்தபோது, டிரம்ஸின் அருகில் மட்டுமல்லாமல் அறையிலும் மைக்குகளை வைத்தார். அடியோடு அந்த இடத்தின் அதிர்வும் கேட்கிறது. நம் திருவிழாப் பதிவுகளிலோ தப்பு என்னும் தோல்பறை பெரும்பாலும் தகரம் தட்டுவதுபோல் ஒலிக்கிறது. குறை தப்பில் இல்லை, பதிவில்.

தப்பையும் ராக்கையும் சேர்த்து ஒரு மலையக ஆல்பம் செய்யலாம் என்றால், கிட்டார் வந்து தப்பை விழுங்கிவிடாதா என்று கேட்பார்கள். 2018இல் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு பறையையும் கானாவையும் ராக்கோடு சேர்த்தது, பறை பின்வாங்கவில்லை. தோட்டத்தில் ஆளெடுக்கும் பெரட்டுக்கும் சாவுக்கும் அடித்த கருவிக்கு ஸ்டூடியோவா என்பது அடுத்த முணுமுணுப்பு. காமன் கூத்தை ஆடவைப்பதும் அதே தப்புதானே? இந்த இளக்காரத்தில் பேசுவது சாதி, இசை ரசனை அல்ல. ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடல் 2021இலேயே வந்துவிட்டதே என்றால், உண்மைதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளைப் பாடகர் அறிவு அதில் உலகறியச் செய்தார். ஆனால் அது தமிழகத்துக்குத் திரும்பியவர்களின் குரல். இங்கேயே தங்கியவர்களின் ஆல்பம் வேறு. அந்தப் பாட்டின் பெயரும் வருமானமும் யாருக்கு என்ற சர்ச்சை சந்திக்கு வந்ததையும் பார்த்தோம். எனவே மைக் வைக்குமுன்பே தப்புக் கலைஞரின் பெயரும் பங்கும் ஒப்பந்தத்தில் ஏறியாக வேண்டும்.