காவலுக்கும் ஒரு கட்டுப்பாடு

"எதிர்ப்பு சக்தி கூட என்ன கொடுக்கலாம்?" நாலு அம்மாக்கள் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அது கூடக் கூட நல்லது என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். ஆனால், கிளப்பிவிட ஒரு ஏற்பாடு இருக்கிற மாதிரியே அடக்கி வைக்கவும் நம் உடம்பில் ஒரு ஏற்பாடு இருக்கிறது, தெரியுமோ?

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் 'டி செல்' என்று ஒரு வகை. வீட்டுக் காவல் நாய் மாதிரி. கிருமி புகுந்த செல்லையும் கெட்டுப்போன செல்லையும் மோப்பம் பிடித்து அழிப்பது அதன் வேலை. திருடனைப் பார்த்துக் குரைக்கட்டும், சரி. வீட்டுக் குழந்தை மேலேயே பாய்ந்தால்? அதற்காகத்தான் டி செல் வேலையில் இறங்கியதும் அதன் மேல்புறத்தில் 'பிடி-1' என்ற புரதம் தோன்றுகிறது. நம் செல்கள் 'பிடி-எல்1' என்ற இன்னொரு புரதத்தால் அதைத் தொட்டால், "சும்மா இரு" என்று தட்டிக் கொடுத்த மாதிரி. டி செல்லின் வேகம் தணிந்துவிடும்.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் டசுகு ஹோன்ஜோ குழுவினர் 1992-ல் பிடி-1ஐக் கண்டுபிடித்தார்கள். அது இல்லாமல் வளர்த்த எலிகளில் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கியதை 1999-ல் எழுதினார்கள்.

புற்றுநோயின் தந்திரத்தைக் கேளுங்கள். சில கட்டிகளும் அதே பிடி-எல்1ஐ நீட்டி, நாயைத் தட்டிக் கொடுத்து உட்கார வைத்துவிடுகின்றன! அந்தக் கை படாமல் மறைக்கும் ஊசி மருந்துகள் 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்குத் தோல் புற்று மூளை வரை பரவியிருந்தது. 2015-ல், 90 வயதில், அறுவை, கதிர் சிகிச்சையோடு இந்த ஊசியும் போட்டார்கள். அவர் 100 வயது வரை வாழ்ந்தார். எல்லோருக்கும் இப்படிப் பலிப்பதில்லை என்பதும் உண்மை. ஹோன்ஜோவுக்கும், இதே போன்ற இன்னொரு தடையை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் பங்குக்கு வருவோம். என் நாத்தனாரின் மாமனாருக்கு நுரையீரல் கட்டிக்கு இந்த ஊசிதான் போட்டார்கள். மூன்றாம் மாதம் பேதி கண்டது. "ஓமத் தண்ணி கொடுத்துப் பார்க்கட்டுமா அண்ணி?" என்று போனில் கேட்டாள். "முதல்ல டாக்டர்கிட்ட சொல்லு" என்றேன். அன்றே அழைத்துப் போனாள். ஊசியை நிறுத்தி வைத்து, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததில் அடங்கியது. தடை விலகிய டி செல் குடலையே தாக்கியிருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால், பேதி, வறட்டு இருமல், மூச்சிரைப்பு, தோலில் தடிப்பு, தாங்காத அசதி எது வந்தாலும் கைவைத்தியம் வேண்டாம்; அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி முடிந்து சில மாதம் கழித்துக்கூட வரலாம். 'எதிர்ப்பு சக்தி' பொடி, லேகியம் எதையும் அவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

குழந்தைகளுக்கோ, வேளைக்குச் சாப்பாடு, நல்ல தூக்கம், தவறாத தடுப்பூசி போதும். காவலை மேலும் உசுப்பிவிட வேண்டியதில்லை.