நாம் படித்த மூன்று நாவல்கள்

நாவல்கள் என்பவைகளைப் பற்றி நமக்கு வெகுகாலமாக நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. வேலையற்றவர்கள் எழுதித் தூக்கம் வராதவர்கள் படிப்பது என்றே எண்ணியிருந்தோம். நாம் அதிகம் பள்ளிக்கூடம் போனவர்களுமல்ல. ஆனால் நண்பர் ஒருவர் வற்புறுத்திக் கொடுத்த மூன்று புத்தகங்களைச் சமீபத்தில் படித்த பிறகு அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

முதலாவது, பெருமாள்முருகன் 2010-இல் எழுதிய 'மாதொருபாகன்'. காளி, பொன்னா என்னும் குடியானவத் தம்பதிகளுக்குப் பிள்ளையில்லை. இதற்காக அவர்கள் வேண்டாத தெய்வமில்லை, செய்யாத பரிகாரமில்லை. திருச்செங்கோட்டு மலையில் வறடிக்கல் என்ற பாறையை, கால் தவறினால் உயிர் போகும் இடத்தில், அந்தப் பெண் சுற்றி வருகிறாள். இத்தனைக்கும் குறை யாரிடத்தில் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. வசவு முழுதும் பெண்ணுக்கே. வெளியாகி நான்கு வருஷம் சும்மாயிருந்தவர்கள் 2014 டிசம்பரில் திடீரென்று விழித்துக்கொண்டு புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்தான் என்று ஆசிரியரே அறிவிக்கும்படி ஆயிற்று. 2016 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. கொளுத்தினவர்களில் எத்தனை பேர் முழுதும் படித்தார்களோ, அவர்கள் தெய்வத்துக்கே வெளிச்சம்! ஒரு பெண்ணைப் பன்னிரண்டு வருஷம் 'வறடி' என்று குத்திக்காட்டும்போது புண்படாத மனம், அதை எழுதினவுடன் புண்படுகிறதென்றால் அது என்ன மனம் என்று கேட்கிறோம்.

இரண்டாவதும் அவருடையதே. 2013-இல் வந்த 'பூக்குழி'. அந்த வருஷம் ஜூலையில் தர்மபுரியில் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்த இளவரசனுக்கு அதைக் காணிக்கையாக்கியிருக்கிறார். சோடாக்கடையில் வேலை செய்யும் குமரேசன், சரோஜாவைக் கலியாணம் செய்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். வந்த நிமிஷம் முதல் ஊரார் கேட்கும் கேள்வி, “இவள் என்ன ஜாதி?” என்பதொன்றே. பெண் நல்லவளா, பசியோடிருக்கிறாளா என்று கேட்க நாதியில்லை. பெற்ற தாய் மாராயி ஒப்பாரி வைத்தே மருமகளை வதைக்கிறாள். ஊர் கூடி விலக்கி வைக்கிறது. கடைசியில் அவள் ஒளிந்திருக்கும் முட்புதருக்குத் தீ வைக்கிறார்கள். சரோஜா இன்ன ஜாதி என்று ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. இதைக் குறை என்பாரும் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. சொல்லியிருந்தால் படிக்கிறவன், “அது அவர்கள் சங்கதி, நம் ஜாதியார் அப்படியில்லை” என்று தப்பித்துக்கொள்வான். ஆனால் அவ்வளவு பெரிய ஊரில் எதிர்த்துப் பேச உறுதியான குரல் ஒன்று கூட இல்லையே என்பதுதான் நமக்கு ஆற்றாமையாயிருந்தது.

மூன்றாவது, இமையம் எழுதிய 'செல்லாத பணம்'. 2018-இல் வந்தது. 2020-ஆம் வருஷத்திய சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. எஞ்சினீயரிங் படித்த ரேவதி, பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டும் ரவியை ஒரே பிடிவாதமாக மணக்கிறாள். அவனோ குடித்துவிட்டு அடிக்கிறவன். கதையில் பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் நடக்கிறது. தலைமை ஆசிரியரான தகப்பனார் நடேசனிடம் பணம் இருக்கிறது. வெந்த உடம்பின் முன் அது செல்லவில்லை.

இதைப் படித்த நண்பர் ஒருவர் நம்மிடம் வந்து, “பார்த்தீர்களா, உங்கள் காதல் கலியாணத்தின் லட்சணத்தை!” என்று வெற்றி பெற்றவர் போலக் கேட்டார். ஜாதகம் பார்த்து, பொருத்தம் பத்தும் பார்த்து, ஐயர் வைத்துக் கட்டிய கலியாணங்களில் எந்தப் பெண்ணும் அந்த வார்டுக்குப் போனதில்லையா என்று திருப்பிக் கேட்டோம். பதில் இல்லை. ரேவதி தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தாள் என்பது மெய்யே. தவறினவள் திரும்பி வருவதற்கு வாசல் திறந்திருந்ததா என்பதே நம் கேள்வி. மகளோடு பேச்சில்லாத தகப்பன், கட்டினவனோடுதான் வாழ வேண்டுமென்னும் ஊர், திரும்பிப் போனால் சிரிப்பார்களே என்ற அவள் பயம், இவைகளும் சேர்ந்தல்லவா கொளுத்தின? பெண்ணுக்கு விவாகரத்து உரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானம் செய்தாயிற்று. 1955-இல் சட்டமும் வந்துவிட்டது. காகிதத்தில் வந்த உரிமை வீட்டு வாசற்படி ஏறவில்லை.

கேள்வி கேட்ட நண்பருக்கும் வேறு ஜாதியில் கலியாணம் செய்துகொண்ட மகள் ஒருத்தி உண்டு. போக்குவரத்து இல்லை. அன்று அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். போகும்போது 'பூக்குழி'யையும் கொடுத்தனுப்பினோம். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.