பதிவேட்டில் உறங்கும் உண்மை

பொருளை விற்பவன் அதன் பெருமையைக் கூவுவது உலக வழக்கு. கூவுகின்றவன் விற்பவன் என்பது கேட்பவனுக்குத் தெரியும். ஆகவே அவன் சொல்லில் பாதியைத் தள்ளிப் பாதியைக் கொள்கின்றான். சந்தையின் நாணயம் இந்தத் தெளிவில்தான் நிற்கின்றது. விற்பவன் அண்டை வீட்டான் வேடத்திலும் அழுகின்ற சிறுமியின் வேடத்திலும் வந்து பேசத் தொடங்கினால், எதைத் தள்ளுவது எதைக் கொள்வது என்று கேட்பவனுக்கு விளங்காமற் போய்விடும். மக்கள் தொடர்பு என்று பெயர் சூட்டப்பெற்ற தொழில் இந்த வேடம் புனையும் கலையில் பெருந்திறமை காட்டியிருக்கின்றது. அதைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டமோ, வேடத்தைக் கலைக்காமல், வேடத்தின் விவரத்தை ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பதோடு மனநிறைவு கொண்டுவிட்டது. இவ்விரண்டையும் ஒருசேரக் கண்டிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

தொழிலையே பழிப்பது நம் நோக்கமன்று. புயல் வருகின்றது என்று கடற்கரை மக்களுக்கு அறிவிப்பதும், தடுப்பூசியின் பயனைத் தாய்மார்க்கு எடுத்துரைப்பதும், தொழிற்சாலை ஒன்று தன்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கு விடை சொல்வதும் மக்கள் தொடர்பே. இவற்றுக்குத் திட்டம் வேண்டும் என்பதையும் மறுப்பாரில்லை. ஜான் மார்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1963இல் எழுதிய நூலில் அத்திட்டத்தை நான்கு படிகளாக வகுத்தார்: ஆராய்தல், செயல்படுதல், அறிவித்தல், மதிப்பிடுதல். தெளிவான வகுப்புத்தான். ஆனால், 'நாம் அறிவிக்கப்போவது உண்மையா?' என்ற வினா இந்நான்கில் எந்தப் படியில் நிற்கின்றது? அது சொல்லாமலே உள்ளடங்கியிருக்கின்றது என்பர். அவ்வாறு உள்ளடங்கியிருப்பது வேண்டாத வேளையில் எளிதாக வெளியே தள்ளப்படும் என்பதற்கு 1990ஆம் ஆண்டின் குவைத் நிகழ்ச்சியே சான்று.

அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கின் படைகள் குவைத்தைக் கைப்பற்றின. சிறிது காலத்துக்குள் 'சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்' என்ற பெயரில் அமெரிக்காவில் ஓர் அமைப்பு தோன்றியது. பெயரைக் கேட்போர், நாடிழந்த மனிதர்கள் கைக்காசைத் திரட்டித் தொடங்கியது என்றே எண்ணுவர். கணக்கு வேறு சொல்கின்றது. குவைத் அரசு தந்தது ஏறத்தாழ 1 கோடியே 19 இலட்சம் டாலர்; தனி மனிதர்கள் தந்தது 18 ஆயிரம் டாலரைக்கூட எட்டவில்லை. இப்பெருந்தொகையில் 1 கோடியே 8 இலட்சம் டாலர் ஹில் அண்ட் நோல்ட்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்துக்குக் கட்டணமாகச் சென்றது.

திட்டத்தின் படிகள் ஒவ்வொன்றும் செவ்வனே நடந்தன. எந்தச் செய்தி அமெரிக்க மக்களின் உள்ளத்தை அசைக்கும் என்று கருத்துக் கணிப்பு வல்லுநரைக் கொண்டு அளந்து பார்த்தனர். பின்னர், அக்டோபர் 10ஆம் நாள், அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர் சிலர் நடத்திவந்த 'மனித உரிமைக் காக்கஸ்' என்ற கூட்டத்தின் முன் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி நிறுத்தப்பட்டாள். நயீரா என்ற பெயர் மட்டுமே சொல்லப்பட்டது. குவைத்தில் உள்ள உறவினருக்குத் தீங்கு நேரலாம் என்பதால் முழு விவரம் மறைக்கப்படுகின்றது என்றனர். ஈராக்கிய வீரர்கள் மருத்துவமனைக்குள் புகுந்து, பச்சிளங் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் சாகவிட்டதைத் தான் கண்டதாக அவள் கண்ணீருடன் கூறினாள். அக்காட்சியைப் படம்பிடித்துத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுப்பியதும் அதே நிறுவனமே. அதிபர் ஜார்ஜ் புஷ் இக்கதையைத் தம் பேச்சுகளில் பலமுறை எடுத்துரைத்தார். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 1990 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இவ்வாறு இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை 312 என்று இடம்பெற்றது.

1991 சனவரி 12ஆம் நாள் அமெரிக்க செனட், போருக்கு இசைவு தரும் தீர்மானத்தை 52க்கு 47 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. விவாதத்தில் உறுப்பினர் சிலர் இன்குபேட்டர் கதையைக் காரணமாகச் சுட்டினர். இந்த ஒரு கதையால்தான் போர் வந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால், மூவர் மாற்றி வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கும் ஒரு நிலையில், எந்தச் சொல் எவர் உள்ளத்தைச் சாய்த்தது என்று யார் அறுதியிட்டுச் சொல்ல வல்லார்?

போர் ஓய்ந்தபின் உண்மை மெல்லத் தலைகாட்டியது. குவைத் சென்ற செய்தியாளர்கள் அங்குள்ள மருத்துவர்களை வினவினர். கதைக்கு ஆதாரம் கிட்டவில்லை. 1991 ஏப்ரலில் ஆம்னஸ்டி தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. 1992 சனவரி 6ஆம் நாள் ஜான் மெக்ஆர்தர் என்ற பதிப்பாளர் நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் சிறுமி யார் என்பதை வெளிப்படுத்தினார். அவள் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள்! காக்கஸின் இணைத் தலைவர்களுள் ஒருவரான டாம் லான்டோஸுக்கு இது முன்பே தெரியும். அந்தத் தலைவர்கள் தொடர்பு கொண்டிருந்த அறநிறுவனம் ஒன்று, ஹில் அண்ட் நோல்ட்டனின் அலுவலகத்திலேயே குறைந்த வாடகைக்கு இடம் பெற்றிருந்தது. சாட்சி சொன்னவள், சாட்சி கேட்டவர், சாட்சியைப் பரப்பியவர் ஆகிய மூவரும் ஒரே கயிற்றில் கட்டுண்டிருந்தனர். கயிறு மட்டும் மக்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

சட்டம் எங்கே போயிற்று என்று வாசகர் கேட்கலாம். அது அங்கேயேதான் இருந்தது. மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான ஐவி லீ, ஐ.ஜி. ஃபார்பென் என்ற ஜெர்மன் நிறுவனத்திடம் ஆண்டுக்கு 25,000 டாலர் பெற்று, ஹிட்லர் ஆட்சிக்கு நற்பெயர் தேடும் யோசனைகளை வழங்கியது 1934இல் பாராளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. அத்தகைய கேடுகளுக்கு அணைகட்டவே 1938இல் அயல்நாட்டு முகவர் பதிவுச் சட்டம் பிறந்தது. அயல்நாட்டாருக்காகப் பேசுவோர் நீதித்துறையிடம் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். யாரிடம் எவ்வளவு பெற்றோம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தர வேண்டும். பாராளுமன்றக் குழுவின் முன் முகவர் சாட்சி சொல்ல வந்தால் தம் பதிவின் படியை அக்குழுவிடம் கொடுக்க வேண்டும்.

ஹில் அண்ட் நோல்ட்டன் முறைப்படி பதிவு செய்துகொண்டது. இதுவே நம் குற்றச்சாட்டின் உயிர்நாடி. நிறுவனம் பதிவை மறைத்திருந்தால் ஒரு நிறுவனத்தைப் பழித்துவிட்டு ஓய்ந்திருப்போம். பதிவு செய்தும் நாடு ஏமாந்தது என்றால் பழுது சட்டத்தில் இருக்கின்றது. காக்கஸ் என்பது பாராளுமன்றத்தின் முறையான குழுவன்று. ஆதலால் அங்கே சத்தியப் பிரமாணம் இல்லை. பொய்ச்சாட்சிக் குற்றமும் இல்லை. கூட்டத்துக்குரிய தோற்றம் அனைத்தும் இருந்தது; பொறுப்பு மட்டும் இல்லை. சிறுமி முகவர் அல்லள்; ஆகவே அவள்மீது சட்டத்தின் நிழல்கூட விழவில்லை. பதிவேடு வாஷிங்டனில் ஓர் அலமாரியில் உறங்கியது. இரவுணவு முடித்துத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்த குடும்பத்தார் அந்த அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டா கண்ணீர் விட்டிருப்பர்?

ஈராக்கின் கொடுமை மெய்தானே, மெய்யான துயரத்துக்குச் சற்று ஒப்பனை செய்தால் என்ன என்று வாதிடுவோர் உளர். ஆக்கிரமிப்பாளர்கள் கொன்றதும், சிறைபிடித்ததும், கொள்ளையிட்டதும் மெய்யே. அதனாலேயே அந்தப் பொய் இருமடங்கு பழிக்குரியது. புனைந்த ஒரு சாட்சியம் வெளிப்பட்டபின், மெய்யாகவே மகனை இழந்த தாயின் சொல்லையும் உலகம் ஐயத்தோடு நோக்கத் தொடங்கிவிடுகின்றது. அவளிடமிருந்து அவளுடைய கண்ணீரின் நம்பகத்தையும் திருடிக்கொண்டவர் யார்?

குவைத்தின் துயரம் நம் இல்லங்களுக்கும் எட்டிய ஒன்று. 1990இல் அம்மான் வழியே வானூர்திகளில் ஏறத்தாழ 1,70,000 இந்தியர் தாயகம் அழைத்து வரப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். பல்லாண்டு உழைத்துச் சேர்த்ததை விட்டு உடுத்த துணியுடன் திரும்பியோரின் கதைகளுக்கு எந்த நிறுவனமும் கட்டணம் வாங்கவில்லை. படம்பிடித்து உலகெங்கும் அனுப்பவும் இல்லை. ஒப்பனைக் கண்ணீர் அரங்கம் ஏறும்போது ஒப்பனையில்லாத கண்ணீர் வீட்டு மூலையிலேயே உலர்ந்துபோகின்றது.

பேச்சுரிமைக்குத் தடையிடுவதா என்று வேறு சிலர் வெகுள்வர். யார் வாயையும் அடைக்கச் சொல்லவில்லை நாம். பேசட்டும், யாருடைய பணத்தில் பேசுகின்றோம் என்பதையும் சேர்த்துப் பேசட்டும். 1987இல் இதே பதிவுச் சட்டத்தைப் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விவரத்தை வெளியிடச் சொல்வது கருத்தைத் தடுப்பதாகாது என்றே தீர்ப்பளித்தது. மருந்துப் புட்டியில் உள்ளடக்கத்தை அச்சிடச் சொல்வதனால் மருந்துக்கடைகள் மூடப்பட்டுவிடவில்லையே!

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: பணம் கொடுத்தவர் பெயர் அரசு அலுவலகத்தின் ஏட்டில் இருந்தால் போதாது, செய்தி காதில் விழும் அதே நொடியில் அதுவும் காதில் விழ வேண்டும். திரையில் ஓடும் படத்தின் மீதும், ஏட்டில் வரும் கட்டுரையின் தலைப்பிலும், கைப்பேசியில் வந்து சேரும் துணுக்கிலும் அது பொறிக்கப்பட வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் கூடும் எந்தக் கூட்டத்திலும் சாட்சி என்று ஒருவரை அழைத்தால், அவர் பிரமாணம் செய்தே பேச வேண்டும். முடியாதெனில் அதைச் சாட்சியம் என்று அழைக்கும் உரிமை எவருக்கும் இருத்தலாகாது.

இத்தகைய சட்டம் வரும்வரை வாளாவிருத்தல் நமக்குத் தகாது. உள்ளத்தை உலுக்கும் செய்தி ஒன்று வந்ததும், கண்ணீருக்கு முன் மூன்று வினாக்கள் எழட்டும். சொல்பவர் யார்? அவரை நம் முன் கொண்டுவந்து நிறுத்தியவர் யார்? அது பொய்யானால் எந்த மன்றத்தில் அவர் விடை சொல்வார்? இம்மூன்றையும் கேட்பது கல்நெஞ்சம் அன்று. மெய்யாகத் துன்புறுவோர்க்கு நாம் செய்யும் முதல் மரியாதை இதுவே. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இவ்வினாக்களைக் கேட்கக் கற்பிப்போம். பதிவேடுகள் விழிக்கும் நாள் வரும்வரை வாசிப்பவராவது விழித்திருக்கட்டும்.